குரல் நன்றாக இருக்கும்போதே ஜேனட் பேக்கர் ஓபராவை ஏன் விட்டார்?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் மெஸ்ஸோ-சொப்ரானோ (நடு உயரப் பெண் குரல்) ஜேனட் பேக்கர் 1982-இல், 48 வயதில், ஓபரா மேடையிலிருந்து விலகியதற்குக் குரல் கெட்டுப்போனது காரணமா? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரிய கதாநாயகி வேடங்கள் பெரும்பாலும் மிக உயர்ந்த பெண் குரலான சொப்ரானோவுக்கே போகும் ஒரு கலையில், மெஸ்ஸோ ஒருவர் எப்படி இவ்வளவு உயரத்துக்கு வர முடிந்தது?

முதலாவதற்குச் சுருக்கமான பதில்: குரல் கெடவில்லை. அவர் விடைபெற்ற அந்த ஆண்டிலேயே பதிவான இரண்டு ஓபராக்கள் கிடைக்கின்றன. டொனிசெட்டியின் 'மேரி ஸ்டூவர்ட்', குளுக்கின் 'ஓர்ஃபியோ'. இரண்டையும் கேட்ட யாரும் களைத்துப்போன குரல் என்று சொல்ல மாட்டார்கள். அப்படியானால் ஏன் விட்டார் என்றால், அதற்கு அவருடைய முழு வாழ்க்கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எதைப் பாட வேண்டும், எதைப் பாடக் கூடாது என்று தானே முடிவு செய்து அதில் உறுதியாக நின்றவர் அவர். எப்போது நிறுத்துவது என்பதும் அந்த முடிவுகளில் ஒன்று என்பதே என் கருத்து.

1933 ஆகஸ்ட் 21-ஆம் தேதி, யார்க்‌ஷயரில் டான்காஸ்டர் பக்கத்தில் உள்ள ஹேட்ஃபீல்டில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த வட்டாரம். அப்பா பொறியாளர், ஆண்கள் பாடும் சேர்ந்திசைக் குழு ஒன்றில் பாடியவர். ஜேனட்டுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அண்ணன் பீட்டர் இதய நோயால் இறந்துபோனார். வீட்டின் பொறுப்பு இனித் தன் தலையில்தான் என்ற எண்ணம் அந்த வயதிலேயே வந்துவிட்டதாகப் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் பாட்டில் இருக்கும் கடுமையான ஒழுங்குக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இசைக் கல்லூரியில் சேர்ந்து வரிசையாகப் பட்டம் வாங்கி வந்தவர் அல்ல. வங்கியில் வேலை பார்த்தார். 1953-இல் லண்டனுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் மெரியல் செயின்ட் கிளேர், ஹெலேன் இசெப் ஆகிய இரண்டு ஆசிரியைகளிடம் முறையாகக் கற்றார். ஹெலேன் இசெப் வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்தவர். ஷூபர்ட், ஷூமான், பிராம்ஸ் போன்றோரின் ஜெர்மன் பாடல் மரபு அவர் வழியாக நேரடியாக வந்து சேர்ந்தது. அவருடைய மகன் மார்ட்டின் இசெப் பிறகு பேக்கரின் பியானோ துணைவராகப் பல ஆண்டுகள் வாசித்தார்.

1956-ஆம் ஆண்டு எல்லாம் ஒன்றாக நடந்தது. ஒரு பேருந்து மோதி தலையில் அடிபட்டது. முதுகுவலி அதற்குப் பிறகு அவரை விடவே இல்லை. அதே ஆண்டு விக்மோர் ஹாலில் நடந்த காத்லீன் ஃபெரியர் நினைவுப் போட்டியில் இரண்டாம் பரிசு. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஓபரா குழுவில் ஸ்மெடனாவின் 'ரகசியம்' ஓபராவில் முதல் மேடை வேடம். கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவின் சேர்ந்திசைக் குழுவிலும் அந்த ஆண்டே சேர்ந்தார். அடுத்த ஆண்டு கீத் ஷெல்லியைத் திருமணம் செய்துகொண்டார். கீத் தன் தொழிலை விட்டுவிட்டு மனைவியின் மேலாளராகவே ஆனார். ஒப்பந்தங்கள், பயணம், கணக்கு வழக்கு எல்லாம் அவர் பொறுப்பு. குழந்தை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ஒரு பாடகியின் வெற்றியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பின்னணி வேலையை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

காத்லீன் ஃபெரியர் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃபெரியர் கான்ட்ரால்ட்டோ, அதாவது மெஸ்ஸோவைவிடவும் தாழ்ந்த பெண் குரல். வட இங்கிலாந்தின் பிளாக்பர்னில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து, பிறகு நாடே கொண்டாடும் பாடகி ஆனவர். 1953 அக்டோபரில், 41 வயதில், புற்றுநோயால் இறந்தார். வட இங்கிலாந்து, சாதாரண வேலை, கனமான குரல் என்று அத்தனையும் பொருந்தியதால் பேக்கரை 'அடுத்த ஃபெரியர்' என்றே பத்திரிகைகள் முதலில் பார்த்தன. ஃபெரியருடன் நெருக்கமாகப் பணியாற்றிய சர் ஜான் பார்பிரோலியே பேக்கருக்கும் மிக முக்கியமான இசை நடத்துநராக அமைந்தார். ஆனால் ஃபெரியர் மேடையில் ஏற்றது இரண்டே ஓபரா வேடங்கள்: பிரிட்டனின் லுக்ரீஷியா, குளுக்கின் ஓர்ஃபியோ. பேக்கர் நடிப்புக்காகவும் பிறந்தவர். இந்த வித்தியாசம் தெரியச் சில ஆண்டுகள் பிடித்தன.

இனி மெஸ்ஸோ என்ற சங்கதிக்கு வருவோம். சொப்ரானோவுக்கும் கான்ட்ரால்ட்டோவுக்கும் நடுவில் இருக்கும் குரல் அது. நல்ல மெஸ்ஸோ பலரும் சொப்ரானோவின் உச்சஸ்வரங்களைத் தொட்டுவிடுவார்கள். அங்கேயே தங்கியிருக்க முடியுமா என்பதுதான் விஷயம். ஒரு வேடத்தின் இசை பெரும்பாலான நேரம் எந்த உயரத்தில் புழங்குகிறது என்பதைத் தெஸ்ஸிதூரா என்பார்கள். குரலைக் காப்பதும் கெடுப்பதும் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய ஓபராவில் காதலிக்கப்படுபவள் சொப்ரானோ. மெஸ்ஸோவுக்குப் போட்டிக்காரி, தாய், தோழி, சூனியக்காரி. மெஸ்ஸோவுக்கு நட்சத்திர வேடம் என்றால் பிரெஞ்சு ஓபராவின் கார்மென், அல்லது வெர்டியின் அம்னேரிஸ், எபோலி. பெரிய இசைக்குழுவைத் தாண்டி ஒலிக்க வேண்டிய கனமான வேடங்கள்.

பேக்கரின் மேடை வேடங்களில் இந்த மூன்றுமே இல்லை. வெர்டியின் இரங்கல் திருப்பலி இசையைப் பதிவுக்காகப் பாடியிருக்கிறார். மேடையில் வெர்டி பக்கம் போகவில்லை. அவர் குரலின் பலம் அளவில் இல்லை. நடுப்பகுதியில் அடர்த்தியான, கொஞ்சம் இருண்ட ஒலி. மிக மெதுவாகப் பாடும்போதும் சொல் அரங்கின் கடைசி வரிசை வரை தெளிவாகப் போகும். சத்தத்தை ஏற்றும்போது ஒலியில் ஒரு கூர்மை வரும். அதை மறைக்காமல் உணர்ச்சியாகவே மாற்றிவிடுவார். இப்படிப்பட்ட குரலை அம்னேரிஸுக்குக் கொடுத்திருந்தால் பத்து ஆண்டுகளில் தேய்ந்திருக்கும்.

அவருக்குக் காலமும் ஒத்துழைத்தது. 1960-களில் இங்கிலாந்தில் மான்டெவெர்டி, கவால்லி, பர்செல், ஹாண்டல் ஆகியோரின் பழைய ஓபராக்களைத் தூசி தட்டி மேடைக்குக் கொண்டுவரும் அலை எழுந்தது. அங்கே மெஸ்ஸோவுக்குத் தலைமை வேடங்கள் கொட்டிக் கிடந்தன. காரணம் எளிது. பதினெட்டாம் நூற்றாண்டு ஓபராவில் வீரன், அரசன், காதலன் வேடங்கள் பலவும் காஸ்ட்ராட்டோக்களுக்காக எழுதப்பட்டவை. சிறு வயதிலேயே விதை நீக்கப்பட்டு, பெண் குரலின் உயரத்தில் ஆண் நுரையீரலின் பலத்தோடு பாடியவர்கள் அவர்கள். அந்த வழக்கம் ஒழிந்தபின் அவர்களுடைய இசையைப் பாட மெஸ்ஸோவே பொருத்தம். ஹாண்டலின் 'ஜூலியஸ் சீசர்' 1724-இல் செனெசினோ என்ற காஸ்ட்ராட்டோவுக்காக எழுதப்பட்டது. 1979-இல் லண்டன் கொலீசியத்தில் இங்கிலிஷ் நேஷனல் ஓபரா அதை மேடையேற்றியபோது சீசர் பேக்கர்தான். சார்ல்ஸ் மெக்கராஸ் இசை நடத்தினார். பதிவைப் பாருங்கள்: கவசம் அணிந்த பெண் என்ற நினைப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும். நிற்கும் விதமே ஒரு தளபதியுடையது.

நடிப்புக்கு இன்னொரு உதாரணம், 1970-இல் கிளைண்ட்போர்னில் கவால்லியின் 'லா கலிஸ்டோ'. ரேமண்ட் லெப்பர்ட் பழைய சுவடியிலிருந்து இசையைத் தயாரித்து நடத்த, பீட்டர் ஹால் இயக்கினார். கதையில் ஜூபிடர் கடவுள், டயானா தேவியின் உருவெடுத்து வந்து கலிஸ்டோவை மயக்குகிறார். பேக்கர் உண்மையான டயானாவாகவும் டயானா வேடத்தில் இருக்கும் ஜூபிடராகவும் இரண்டு பாத்திரங்களையும் பாடினார். முகமும் குரலும் ஒன்றேதான். கற்புக்குப் பெயர்போன தேவி ஒரு பக்கம், காமத்தோடு வந்திருக்கும் கடவுள் மறுபக்கம். குரலின் நிறத்தையும் சொற்களை உச்சரிக்கும் முறையையும் மாற்றியே யார் வந்திருக்கிறார் என்று அவர் புரியவைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கூட்டணியில் மான்டெவெர்டியின் பெனலபி. இருபது ஆண்டுகள் கணவனுக்காகக் காத்திருந்து, அவன் வந்து நின்றபோது நம்ப மறுக்கும் மனைவி. அந்த மறுப்பை இவ்வளவு நியாயமாக யாரும் பாடி நான் கேட்டதில்லை.

ஆனால் பேக்கர் என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவு வருவது பர்செலின் 'டைடோ'. 1961-இல், 28 வயதில், ஆன்டனி லூயிஸ் நடத்திய பதிவில் பாடினார். கார்த்தேஜின் அரசி டைடோவை ஈனியஸ் கைவிட்டுப் போகிறான். அவள் சாவதற்கு முன் பாடும் புலம்பல் அது. அடியில் தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் படிப்படியாக இறங்கும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன, மொத்தம் பதினொரு முறை. அதற்கு மேலே குரல், 'என்னை நினைவில் வை' என்று ஒரே ஸ்வரத்தில் நின்றபடி கேட்கிறது. மெட்டு என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை. ஒரு ஸ்வரம், ஆங்கிலத்தில் இரண்டே சொல். அழுகையைக் குரலில் ஏற்றினால் கெட்டுப்போகும், ஏற்றாவிட்டால் வறண்டுவிடும். பேக்கர் அந்த ஸ்வரத்தை நேராகப் பிடித்து, சொல்லின் நடுவில் மட்டும் மூச்சின் அழுத்தத்தை மாற்றுகிறார். பிறகு அதே சொற்கள் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது, அரசியின் கட்டுப்பாடு உடைகிற இடம் அதுதான் என்று நமக்குப் புரிகிறது. பாட்டு கற்கும் யாரும் இந்த நான்கு நிமிடத்தைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும்.

டைடோ அவரை விடவில்லை. பெர்லியோஸின் 'லே ட்ரோயான்' ஓபராவிலும் அதே அரசிதான். 1969-இல் ஸ்காட்டிஷ் ஓபராவுக்காக அதை ஆங்கிலத்தில் பாடினார். அதே ஆண்டு லண்டன் கவன்ட் கார்டன் ஓபரா அரங்கில் அதே ஓபரா பிரெஞ்சில் நடந்துகொண்டிருந்தது. டைடோவாகப் பாட வேண்டிய ஜோசஃபின் வீஸிக்கு உடல்நிலை சரியில்லை. பேக்கரைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தெரிந்ததோ ஆங்கில வடிவம். சரி என்று அவர் ஆங்கிலத்தில் பாட, சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பிரெஞ்சில் பாட, காலின் டேவிஸ் நடத்த, ஓபரா நடந்து முடிந்தது. பிரிட்டிஷ் ஓபரா ரசிகர்கள் இன்றும் பேசும் இரவு அது.

வேடங்கள் அவருடைய குரலுக்காக வளைந்து கொடுத்ததும் நடந்தது. டொனிசெட்டியின் 'மரியா ஸ்டூவர்தா'வை (மேலே சொன்ன 'மேரி ஸ்டூவர்ட்' இதுதான்) 1973-இல், பிறகு இங்கிலிஷ் நேஷனல் ஓபரா என்று பெயர் மாறிய சாட்லர்ஸ் வெல்ஸ் ஓபரா ஆங்கிலத்தில் போட்டபோது மேரியின் பகுதியைச் சுருதி இறக்கிக் கொடுத்தார்கள். 1976-இல் வில்லியம் வால்ட்டன், சொப்ரானோவுக்காக எழுதியிருந்த தன் 'ட்ராய்லஸ் அண்ட் கிரெஸிடா'வின் நாயகி வேடத்தைப் பேக்கருக்காகத் தாழ்த்தித் திருத்தி எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு பெஞ்சமின் பிரிட்டன், ராபர்ட் லோவெல் மொழிபெயர்த்த ரசீனின் நாடக வரிகளை வைத்து 'ஃபீட்ரா' என்ற பதினைந்து நிமிடப் படைப்பைப் பேக்கருக்கென்றே எழுதினார். 1976 ஜூனில் ஆல்ட்பரோ விழாவில் முதல் நிகழ்ச்சி. டிசம்பரில் பிரிட்டன் இறந்துவிட்டார். அமெரிக்க இசையமைப்பாளர் டொமினிக் அர்ஜென்டோ, வர்ஜினியா வுல்ஃபின் நாட்குறிப்புப் பகுதிகளுக்கு இசையமைத்த பாடல் தொகுப்பை 1975 ஜனவரியில் மின்னியாபொலிஸில் முதன்முதலாகப் பாடியதும் இவரே; அந்தப் படைப்புக்கு அந்த ஆண்டின் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஒரு பாடகியின் முக்கியத்துவத்தை விருதுகளைவிட இப்படி அவருக்காகப் பிறந்த இசையை வைத்து அளப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விருதுகளும் வந்தன: 1976-இல் டேம் பட்டம், 1993-இல் கம்பேனியன் ஆஃப் ஹானர்.

இன்னொரு பக்கம், அவர் போகாத இடங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் ஒருமுறைகூட வேடம் ஏற்கவில்லை. அமெரிக்காவுக்கு 1966 முதல் கச்சேரிகளுக்காகப் போனார், பெரும் வரவேற்பும் இருந்தது; ஓபரா மேடை வாழ்க்கையை மட்டும் அநேகமாக முழுவதும் பிரிட்டனுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பல வாரங்கள் ஒத்திகை, தெரிந்த இயக்குநர், தெரிந்த நடத்துநர், தன் மொழி புரியும் பார்வையாளர். இது இருந்தால்தான் தன்னால் முழுதாகக் கொடுக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விமானத்தில் வந்து இறங்கி, இரண்டு நாள் ஒத்திகையோடு ஊருக்கு ஊர் ஒரே வேடத்தைப் பாடும் சர்வதேச நட்சத்திர வாழ்க்கை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இதனால் உலகப் புகழ் கொஞ்சம் குறைந்திருக்கலாம். பாட்டு குறையவில்லை.

ஓபராவைவிடவும் கச்சேரி மேடையில் அவர் பெரியவர் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் பாதி அந்தக் கட்சிதான். 1964 டிசம்பரில் மான்செஸ்டரில் பார்பிரோலியும் ஹாலே இசைக்குழுவும் எல்கரின் 'ஜெரான்ஷியஸின் கனவு' பதிவு செய்தபோது தேவதையின் பகுதியைப் பாடினார். அடுத்த ஆண்டு எல்கரின் 'ஸீ பிக்சர்ஸ்' பாடல் தொகுப்பு. அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஜாக்லின் டு ப்ரே வாசித்த எல்கர் செல்லோ கான்செர்ட்டோ இருந்தது. செல்லோவுக்காக வாங்கியவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு பேக்கரைக் கண்டுபிடித்தார்கள்.

பார்பிரோலியோடு செய்த மாலர் பாடல்கள்தான் உச்சம். ஜெர்மன் கவிஞர் ருக்கெர்ட்டின் கவிதைகளில் ஒன்று, உலகத்திடமிருந்து தான் தொலைந்துபோய்விட்டதாகச் சொல்லும் பாட்டு. இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஊதுகருவி தயங்கித் தயங்கி இரண்டிரண்டு ஸ்வரமாக ஆரம்பிக்கும். பார்பிரோலி எடுக்கும் வேகம் பாடகர்களைப் பயமுறுத்தும் அளவுக்கு நிதானம். அந்த நிதானத்தில் மூச்சு எடுத்த இடம் தெரியாமல் பாடுகிறார் பேக்கர். 'என் காதலில், என் பாட்டில் தனியே வாழ்கிறேன்' என்ற கடைசி வரியில் ஒலி குறைந்துகொண்டே போகும், சொல் மங்காது.

இப்போது 1982-க்கு வருவோம். அவர் விடைபெற மூன்று வேடங்களைத் தேர்ந்தெடுத்தார், மூன்று அரங்குகளில். கவன்ட் கார்டனில் குளுக்கின் 'அல்செஸ்ட்', கொலீசியத்தில் மேரி ஸ்டூவர்ட், கடைசியாகக் கிளைண்ட்போர்னில் 'ஓர்ஃபியோ'. ஜூலை 17-ஆம் தேதி கடைசி நிகழ்ச்சி. சேர்ந்திசைக் குழுவில் ஒருத்தியாக அவர் நுழைந்த அதே கிளைண்ட்போர்ன். அந்தக் கடைசி ஆண்டில் எழுதிய நாட்குறிப்பைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

ஏன் அப்போது? என் பார்வையில் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஐம்பதை நெருங்கும்போது பெண் குரலில் உடல்ரீதியான மாற்றங்கள் வரும். மேல் ஸ்வரங்கள் மெல்ல இறுகும், களைப்பு தீர முன்பைவிட அதிக நாள் ஆகும். மேரி, அல்செஸ்ட், டைடோ எல்லாம் மணிக்கணக்கில் மேடையில் நின்று, விழுந்து, மண்டியிட்டுப் பாட வேண்டியவை. முதுகில் பழைய காயம் வேறு. தாய், பணிப்பெண் போன்ற சிறு வேடங்களுக்கு இறங்கி இன்னும் பதினைந்து ஆண்டு ஓட்டும் மெஸ்ஸோக்கள் பலர், அதில் தவறே இல்லை. பேக்கரின் வேடங்களோ எல்லாமே முழு உயிரையும் கேட்பவை. பாதிப் பலத்தோடு டைடோ பாட முடியாது. ஓபராவை நிறுத்தினால் மிச்சமிருக்கும் பலத்தைப் பாடல் கச்சேரிகளுக்கும் மாலருக்கும் செலவிடலாம் என்பது நல்ல கணக்கு. அப்படியே நடந்தது. சைமன் ராட்டில் நடத்திய மாலர் இரண்டாம் சிம்பொனிப் பதிவில் அவர் பாடியது ஓபராவை விட்டபின்தான். கச்சேரியையும் 1989 வாக்கில் நிறுத்தினார். அப்புறம் 1991 முதல் 2004 வரை யார்க் பல்கலைக்கழகத்தின் வேந்தர். பக்கவாதம் வந்த கணவரைக் கவனித்துக்கொண்டது அதற்கும் பிந்தைய வாழ்க்கை.

ஓர்ஃபியோவின் புகழ்பெற்ற பாட்டு, 'யூரிடிச்சே இல்லாமல் என்ன செய்வேன்', இறந்த மனைவிக்கான துக்கப் பாட்டாக இருந்தும் மேஜர் ஸ்கேலில் அமைந்தது. சும்மா பாடினால் சந்தோஷப் பாட்டு மாதிரிகூட இருக்கும். அந்தப் பல்லவி மூன்று முறை வருகிறது. 1982 படப்பதிவில் அது ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பேக்கர் என்ன மாற்றுகிறார் என்று கவனியுங்கள். குரல் போனதா இல்லையா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

புதிதாகக் கேட்பவராக இருந்தால் 1961 டைடோ புலம்பலில் ஆரம்பியுங்கள். அடுத்து 'ஸீ பிக்சர்ஸ்', பிறகு பார்பிரோலியோடு பாடிய மாலர். ஹாண்டலின் 'அரியோடான்டே'யில் வரும் 'ஸ்கெர்சா இன்ஃபிடா'வுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். அது நீளமான பாட்டு, காதலி துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பும் வீரனின் பாட்டு, பஸூன் என்ற ஊதுகருவி மட்டும் தனியே முனகும். ஹைட்டிங்க் நடத்திய மாலரின் 'பூமியின் பாட்டு' கடைசியில் இருக்கட்டும். அதன் இறுதிப் பகுதி மட்டுமே அரை மணி நேரம், வரிகளின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.